செய்முறை வேறு, சம்பளம் வேறு

1

கடைக்காரர் என் அட்டையைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் முறை. மதுரை பழங்காநத்தத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. வாடிப்பட்டியில் நான் கட்டியிருக்கும் வீட்டுக்கு மின்விசிறி வாங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மெஷினில் இரண்டு தடவை செருகிப் பார்த்தவர், "வெளிநாட்டுக் கார்டுல காசு இல்ல போலருக்கு பாப்பா" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வைத்திருந்த நோட்டுகளை அம்மா எடுத்து எண்ணத் தொடங்கினாள். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஷார்ஜாவுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை. நான் திருத்திய தாள் துறைமுகத்தில் திரும்பி வந்ததில்லை என்று எங்கள் மேலாளர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இருந்தபோதும், அவர் போன பிறகும், வீட்டுக்கு ஒரு தாள் வந்தால் அது என் கைக்குத்தான் வரும். ரேஷன் அட்டையில் பெயர் திருத்தம், பட்டா மாறுதல், பக்கத்து வீட்டு அத்தையின் விதவைப் பென்ஷன் எல்லாவற்றுக்கும் நான்தான். விலையைக் கேட்காமல் எதையும் வாங்காதவள், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடைக்கு வெளியே வந்து, பஸ் ஹாரன்களுக்கு நடுவில் போனைத் திறந்து பார்த்தேன். விடிகாலையில் ஒரு செய்தி வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஷார்ஜாவில் நான் போகிற உடற்பயிற்சிக்கூடத்தின் பெயர். தனிப்பயிற்சிக் கட்டணம் என்று ஒரே தடவையில் எடுத்திருக்கிறார்கள். என் பாதி மாதச் சம்பளம். வீடு பால்காய்ச்ச ஒன்பது நாள் இருக்கிற நேரத்தில்.

தனிப்பயிற்சி என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்குத் தனியாகச் சொல்லித்தந்தது ஒரே ஓர் ஆள்தான்.

2

வனிதா அக்கா கோச்சடைக்காரி. கல்லூரியில் கபடி ஆடியவள். உடற்கல்வி படித்துவிட்டு இங்கே வேலை கிடைக்காமல், புருஷனையும் பெண் பிள்ளையையும் கோச்சடையில் விட்டுவிட்டு ஷார்ஜாவில் ஒரு பெண்கள் உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளராக இருக்கிறாள்.

நாற்காலியில் உட்கார்ந்தே இருந்ததில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, எங்கேயாவது போய் உடம்பை அசைக்கச் சொன்னார். போன முதல் நாள் கூட்டத்தோடு கூட்டமாகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் முதுகை நிமிர்த்தச் சொன்னது. நான் வலியில் "ஆத்தீ" என்றேன். அவ்வளவுதான்.

"எந்த ஊரு?"

"வாடிப்பட்டிக்கா."

"அதான பாத்தேன். முதுகு இம்புட்டு வளைஞ்சிருக்கே. நாத்து நட வந்தியா, கம்ப்யூட்டர்ல உக்கார வந்தியா?"

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மதுரையில் வாடிப்பட்டிக்காரிக்கும் கோச்சடைக்காரிக்கும் ஒன்றும் கிடையாது. ஒரே பஸ்ஸில் போனால்கூட ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொள்வோம். அங்கே அப்படியில்லை. அன்று இரவே எனக்கு அக்கா கிடைத்துவிட்டாள்.

கூட்டத்தோடு செய்தால் உன் முதுகு சரியாகாது என்று, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா எனக்கு மட்டும் தனியாகச் சொல்லித்தருவாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பூங்காவுக்கே வருவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம், நீ மூச்சப் பிடி" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அக்கா என்று கூப்பிட்ட பிறகு மறுபடி விலை கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். சும்மா செய்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஏதாவது ஒரு வகையில் செய்ய வேண்டும் என்று மனதில் இருந்துகொண்டே இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவளுடைய விசா புதுப்பிப்புத் தாள்களை நான்தான் பார்த்துக் கொடுப்பேன். கூடத்துக்கு எழுதும் விடுப்புக் கடிதம், சம்பளப் பாக்கிக் கடிதம் எல்லாம் நான் எழுதியவைதான். அவள் பிள்ளை போனில் அவளோடு பேசாது. ஓடிப்போய் அப்பாவைப் பெற்ற அப்பாயியிடம் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் அக்கா வழக்கத்தைவிடக் கடுமையாகப் பயிற்சி கொடுப்பாள். நான் ஒன்றும் கேட்காமல் செய்வேன்.

போன வருஷம் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அக்காவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கோச்சடை மண்டபத்துக்கு என் அம்மா போயிருந்தாள். நான் பணம் அனுப்பி வாங்கச் சொன்ன தங்க மோதிரத்தைப் பிள்ளை விரலில் போட்டாள். மைக்கில், "வாடிப்பட்டி பாண்டியம்மா மகள், ஷார்ஜா நாகஜோதி, தங்க மோதிரம் ஒண்ணு" என்று வாசித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு கட்டணம் பற்றி நான் நினைக்கவே இல்லை.

3

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பழங்காநத்தத்திலிருந்து வாடிப்பட்டி வந்து சேரும்வரை அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒரு போன் போட்டா தீந்துச்சு." எனக்கு விரல் போகவில்லை. கூப்பிட்டால் என் குரல் உடைந்துவிடும் என்று தெரியும். கடையில் நின்ற அவமானம் வேறு.

பஸ்ஸிலேயே வங்கியின் செயலியைத் திறந்தேன். இந்தச் செலவைப் பற்றி உங்கள் புகார் என்ன என்று கேட்டு வரிசையாகச் சில பதில்கள் இருந்தன. அட்டை தொலைந்துவிட்டது. தொகை தவறு. பொருள் வந்து சேரவில்லை. கடைசியில், நான் அனுமதிக்கவில்லை. கடைசியைத் தொட்டேன். அது உண்மை. என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அட்டை எண் மாதச் சந்தாவுக்காகக் கூடத்தில் பதிவாகி இருக்கிறது. அதைக் கொண்டு எடுத்திருக்கிறார்கள். கீழே விவரம் எழுதச் சொன்னது. சரக்கு ஆவணத்துக்கு எழுதுகிற மாதிரி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதினேன். இப்போது படித்தாலும் நல்ல கடிதம்.

அக்காவிடமிருந்து அன்றும் மறுநாளும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மூன்று தடவை கூப்பிட்டாள். ஐயரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், டைல்ஸ்காரரோடு நிற்கிறேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு எடுக்காமல் விட்டேன். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

4

மறுநாள் உச்சி வெயிலில் அக்காவின் புருஷன் செந்தில் பைக்கில் வந்தார். கோச்சடையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். காதுகுத்தில் என் அம்மாவுக்குத் தன் கையாலேயே இலை போட்டு, "அத்த, இன்னும் கொஞ்சம்" என்று பாயசம் ஊற்றியவர். அம்மாவும் அவரை மாப்ள என்றுதான் கூப்பிடுவாள்.

"வாங்க மாப்ள. பத்திரிக்க வைக்க நாங்களே வாரதா இருந்தோம்" என்று அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த தண்ணீரையும் வாங்கவில்லை. சுண்ணாம்பு வாடை போகாத புது வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உங்க மக என்ன பண்ணியிருக்குன்னு தெரியுமாம்மா?"

அத்தை போய் அம்மா ஆகிவிட்டாள். என் அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்தாள்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். என் புகார் கூடத்துக்குப் போயிருக்கிறது. யார் பதிவு செய்தது என்று பார்த்தால் வனிதாவின் பெயர். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். வங்கி மோசடி என்று முடிவு சொன்னால் போலீசில் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். விசா கூடத்தின் கையில். வேலை போனால் ஊருக்கு வர வேண்டியதுதான், கேஸ் ஆனால் அதுகூட முடியாது.

"அவங்க என் கார்டத் தொட்டது சரியா?" என்றேன்.

"நான் சரி தப்பு பேச வரல."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்து, வாசலில் கிடந்த சிமெண்ட் மூட்டை மேல் வைத்தார். திறந்து காட்டினார். மோதிரம். பிள்ளைக்கு நாங்கள் போட்டது அல்ல, புதிது.

"உங்க விசேஷத்துக்கு நாங்க செய்ய வேண்டிய செய்முறை. அன்னைக்கி வர முடியாது, அதான் இப்பவே கொண்டாந்தேன். எட போட்டுப் பாத்துக்கங்க. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் செய்ததை அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டும். ஆனால் வந்தது அப்படியே போகாது. கொஞ்சமாவது கூடப் போகும். கூடப் போட்டால், அடுத்த தடவை அவர்கள் நமக்குச் செய்வார்கள், போக்குவரத்து இருக்கும். வந்ததை எடைக்கு எடை சரியாகத் திருப்பினால் இத்தோடு முடிந்தது, உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதையும் பந்தலில் சொல்லாமல், சாதாரண நாளில் வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனால், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

5

அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"அவகிட்ட எம்புட்டுன்னு பேசிக்கிட்டுத்தான் கத்துக்கிட்டியா?"

"பேசலம்மா."

"மாசாமாசம் எதுவும் குடுத்தியா?"

"மோதிரம் போட்டோம்ல."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "அது பிள்ளைக்குப் போட்டது. அத ஆத்தாக்காரி கூலியிலயா கழிச்ச?"

நான் அப்படிக் கழிக்கவில்லை என்றேன். பிறகு, கழித்தாலும் என்ன தப்பு, தங்கம் தங்கம்தானே என்றேன். பிறகு, அவள் எனக்குச் சொல்லாமல் எடுத்தது மட்டும் முறையா என்றேன். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று பேசும்போதே தெரிந்தது.

"செய்முற வேற, சம்பளம் வேற. களையெடுக்க வந்தவ பிள்ளைக்குச் சட்ட எடுத்துக் குடுத்துட்டு, அன்னன்னிக்கிக் கூலியக் குடுக்காம விடுவமா? நீ படிச்சவ. உனக்கு நான் சொல்லணுமா" என்றாள் அம்மா. பிறகு தன் கவலைக்கு வந்தாள். "அம்புட்டுப் பேருக்கு முன்னாடி மைக்குல என் பேரச் சொல்ல வச்ச. நாளைக்கி இந்தப் பெட்டிய நான் எங்க வச்சு, யாருகிட்டச் சொல்லுவேன்? கோச்சடையிலருந்து ஏன் வரலன்னு கேப்பாங்கள்ல?"

அந்தப் பெட்டியை அம்மா வீட்டுக்குள் கொண்டுபோக மறுத்தாள். இரவு நான்தான் எடுத்து என் பையில் வைத்தேன்.

அம்மா சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் அட்டையைத் தொடும் முன் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் இப்படிச் சரியாக இருப்பதற்கு விலையாக ஒருத்தி அந்நிய ஊரில் போலீஸ் வாசலில் நிற்கப் போகிறாள். அன்று இரவு முழுக்க என் பாதியையும் அதையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன்.

6

மறுநாள் காலை பெட்டியையும் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கோச்சடைக்குக் கிளம்பினேன். என்ன சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை. சமயநல்லூர் தாண்டும்போது வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. பஸ்ஸுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு டயர் கடை ஓரமாக ஒதுங்கி, காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

ஒரு பெண். நல்ல அமைதியான ஆங்கிலம். என் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துவிட்டு, புகாரை முடிக்கச் சில கேள்விகள், ஆம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

இந்தக் கூடத்தை உங்களுக்குத் தெரியுமா? ஆம். பதிவு செய்த பயிற்சியாளரைத் தெரியுமா? ஆம். இந்தக் கட்டணத்தை எடுக்க அனுமதி கொடுத்தீர்களா? இல்லை. பயிற்சியைப் பெற்றுக்கொண்டீர்களா?

அவள் மறுபடி கேட்டாள்.

பயிற்சி நடந்தது, ஆனால் விலை பேசவில்லை என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆமா இல்லையா என்றாள். நாங்கள் ஒரே ஊர்ப் பக்கம், எங்களுக்குள் விலை பேசுவதில்லை, ஆனால் கொடுக்காமல் விடுவதும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆறு வருஷ ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வாக்கியம் அமையவில்லை. எனக்கே அது ஏமாற்றுக்காரி பேச்சு மாதிரி கேட்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னிடம் இரண்டு வழிதான் இருக்கிறது என்றாள். அனுமதியில்லாமல் எடுத்தது என்று நான் நின்றால் மோசடிப் பிரிவுக்குப் போகும், பணம் எனக்குத் திரும்பும். அல்லது நானே புகாரைத் திரும்பப் பெறலாம். பெற்றால் இதே தொகைக்கு மறுபடி புகார் செய்ய முடியாது. இடையில் ஒன்றும் இல்லை.

எனக்குப் பணம் வேண்டும். சமையல்காரருக்கு மீதி கொடுக்க வேண்டும், பந்தல் பாக்கி இருக்கிறது. அதைவிட, நான் எழுதியது பொய் என்று என் வாயாலேயே ஆக்குவது எனக்குப் பெரிதாக இருந்தது. நான் எழுதிய ஒரு தாள்கூட அதுவரை திரும்பி வந்ததில்லை.

"பயிற்சியைப் பெற்றுக்கொண்டேன்" என்றேன். "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்."

அப்படியென்றால் ஏன் புகார் செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவளுடைய படிவத்தில் அந்தக் கேள்வி இருந்திருக்காது. பிறகு அவளே, கூடத்துக்கு இன்றே தெரிவிப்போம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோச்சடை வீட்டில் செந்தில் மட்டும் இருந்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. வா என்று சொல்லவில்லை, கதவை அடைக்கவும் இல்லை. வாசலில் நின்றே வாபஸ் வாங்கிவிட்டதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் முன்னால் நீட்டினார்.

நான் சொல்லி முடித்ததும் அக்காவின் குரல் வந்தது.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்க வேண்டியதுதானக்கா."

"கேமராவுல பாத்துப்புட்டாங்க. தினமும் இவளுக்குத் தனியாச் சொல்லிக்குடுக்குற, பணம் எங்கன்னு கேட்டாங்க. பதிவு போடுறியா, உன் சம்பளத்துல பிடிக்கவான்னாங்க. நான் எங்க போவேன்? பதிவு போட்டேன். விசேஷ வீட்டுல இருக்கவகிட்டப் போன் போட்டு துட்டுப் பேச்சுப் பேசுறதான்னு இருந்தேன். நீ வந்தப்புறம் உக்காந்து பேசிக்கிடலாம்னு நெனச்சேன்."

"என் கார்டுல எடுக்குறப்ப விசேஷ வீடு ஞாபகம் வரலயா?"

செந்தில் போனை இழுத்துக்கொள்ளப் போனார். அக்கா, "இருங்க" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. எனக்கு மூச்சு விடச் சொல்லித்தந்தவள்.

"அது தப்புத்தான். ஆனா போலீசு வரைக்கும் போவன்னு நெனக்கலடி."

"நான் பேங்குக்குத்தான் எழுதுனேன்."

"அங்க ரெண்டுக்கும் எம்புட்டுத் தூரம்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? எனக்குத் தாளெல்லாம் எழுதிக் குடுத்தது நீதான?"

பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்து, வாசல்படி தாண்டிப் போய் டிவி ஸ்டாண்டு மேல் வைத்தேன். பத்திரிகையை அதன் மேல் வைத்தேன். செய்யணும் என்றால் விசேஷத்தில் வந்து செய்யுங்கள், இல்லையென்றால் செய்யவே வேண்டாம், வாசலில் வைத்துக் கொடுத்தால் எங்கள் அம்மா தாங்க மாட்டாள் என்று சொன்னேன். செந்தில் பெட்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்கா போனில் இருந்தாளா, வைத்துவிட்டாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. போய்ட்டு வாரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

7

விசேஷத்தன்று விடியலில் பால் பொங்கியது. ஐயர் போனார். பந்தி தொடங்கியது. மைக்கில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். அம்மா புதுச் சேலையில் வாசலிலேயே நின்றாள். வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுவாள், அவர்கள் உள்ளே போனதும் ரோட்டைப் பார்ப்பாள். இரண்டு பேர் கேட்டே விட்டார்கள், கோச்சடையிலருந்து வரலயா என்று. வந்துக்கிட்டு இருக்காங்க என்றாள் அம்மா. பொய் சொல்லத் தெரியாதவள்.

கடைசிப் பந்திக்கு இலை போடும்போதும் அவர்கள் வரவில்லை. மைக்செட்காரர் வயரைச் சுருட்டட்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கையைக் காட்டினாள்.

அப்புறம்தான் பைக் வந்தது. முன்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தது. செந்தில் என்னைத் தாண்டி நேராக மைக்செட்காரரிடம் போய் எதையோ கொடுத்தார். மைக்செட்காரர் அதைப் பார்த்துவிட்டு, குனிந்து அவரிடம் ஏதோ கேட்டார். சரிதானா என்று கேட்டிருப்பார். செந்தில் தலையை ஆட்டினார்.

"கோச்சடை செந்தில் வனிதா, தங்க மோதிரம் ஒண்ணு, ரொக்கம் ஒரு ரூபா."

பந்தலில் சிரித்துவிட்டார்கள். எங்கள் பெரியப்பா மகன், "ஒத்த ரூபாயில ஊரையே வாங்கிட்டாருப்பா" என்றான். எனக்கு முகம் சுட்டது. குத்திக்காட்டத்தான் போட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அப்படியும் இருக்கலாம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று அவரிடம் போய், "சாப்புட வாங்க மாப்ள, பந்தி முடியப் போகுது" என்றாள். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

ஷார்ஜாவுக்குத் திரும்பிய மறுநாள் கூடத்துக்குப் போனேன். போகாமல் வேறு இடம் தேடிக்கொள்ளலாமா என்று விமானத்தில் வரும்போது நினைத்தது உண்மை. அக்காவை வேலையில் திரும்பச் சேர்த்திருந்தார்கள், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத அவள் என்னைக் கூப்பிடவில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் போகாமல் நின்றேன். கேமரா மேலே இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கி எம்புட்டுக்கா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தொகையைச் சொன்னாள். எனக்கென்று ஒரு திர்ஹம்கூடக் குறைக்கவில்லை. நான் குறைக்கச் சொல்லவும் இல்லை. வரவேற்புக்குப் போய்க் கட்டிவிட்டு, ரசீதோடு வந்தேன்.

அவள் ரசீதை வாங்கிப் பார்த்தாள், மடித்து என் பை மேல் வைத்தாள். சுருட்டிய பாயில் ஒன்றைக் காலால் உருட்டி விரித்தாள்.

"சரி, படு" என்றாள். "முதுகு மறுபடியும் வளைஞ்சு போயிருக்கு."